நீக்கிய இடத்தில் நிற்பது எது?

வீடு மாறுகிறவர்கள் வீட்டிலுள்ள எல்லாப் பொருள்களையும் எடுத்துச் செல்வதில்லை. தோட்டத்து லயங்களைக் காலி செய்து வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த மலேசியத் தமிழர்கள் இதனை நன்கு அறிவர். சாமிப்படத்தையும் அம்மியையும் முதலில் வண்டியில் ஏற்றியவர்கள் உண்டு. அம்மியை விட்டுவிட்டுப் போய்ப் பின்னர் வருந்தியவர்களும் உண்டு. எதை விட்டுச் செல்வது, விட்டுச் சென்றதன் இடத்தில் எதை வைப்பது என்பது ஒவ்வொரு குடும்பமும் எதிர்கொண்ட கேள்வி. கலைகளும் அவ்வாறே குடிபெயர்கின்றன. ஏட்டிலிருந்து மேடைக்கும், நூலிலிருந்து திரைக்கும், ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கும் செல்லும்போது அவையும் சிலவற்றை வழியில் இறக்கி வைக்கின்றன. பெரும்பாலும் முதலில் இறக்கப்படுவது காமச்சுவையே.

வட சிலாங்கூரில், பத்தாங் காலிக்கும் கோலக்குபு பாருவுக்கும் இடையே, இரயில் பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் ராசா. ஒரு காலத்தில் அதனைச் சுற்றிலும் ரப்பர் மரங்கள் நிரல்நிரலாய் நின்றன. பின்னர்ச் சில தோட்டங்கள் செம்பனைக்கு மாறின; சில வீடுகளாய் மாறின. அவ்வூரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெற்றோருக்குப் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் பயின்று, இடைநிலைப்பள்ளியில் தமிழ் பயிற்றியவர். தீபாவளி விடுமுறையில் அவரைக் காணவந்த முன்னாள் மாணவர் ஒருவர் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்கு அடிப்படை. அம்மாணவருக்கு வயது இருபத்திரண்டு. பல்கலைக்கழகத்தில் கணினித் துறையில் பயில்கிறார்.

"ஐயா, ஜப்பானியக் கணினிக் கதைகள் சில பின்னர் அனிமேத் தொடர்களாக வருகின்றன. மூலத்தில் உள்ள உடலுறவுப் பகுதிகளைத் தொடரில் எடுத்துவிடுகிறார்கள். எடுத்த பிறகு சில கதைகள் முன்னைவிடத் தெளிவாகின்றன, சில நொண்டுகின்றன. ஏன் அப்படி?" என்று கேட்டார் அவர். ஆசிரியர் விடை தேடிக்கொண்டிருக்கும்போதே, சிரித்துக்கொண்டு இன்னொன்றும் கேட்டார்: "நீங்களும் எங்களுக்குத் திருக்குறளில் மூன்றாம் பாலை நடத்தவில்லையே ஐயா?"

முதற்கேள்வி ஆசிரியருக்குப் புதிது. இரண்டாவது கேள்வியோ அவர் முப்பது ஆண்டுகளாக யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று எண்ணியிருந்தது. இரண்டும் ஒரே கேள்வி என்பது அவருக்குச் சில நாள்கள் கழித்தே விளங்கிற்று.

மாணவர் குறிப்பிட்ட அக்கணினிக் கதைகளைக் காட்சிப் புதினங்கள் என்பர். எழுத்தே அவற்றின் உயிர். படிப்பவர் கணினித் திரையில் வரிவரியாகக் கதையைப் படிக்கிறார். பின்னணியில் ஓவியம் நிற்கும், இசை ஒலிக்கும், சிலவற்றில் மாந்தர் குரலும் கேட்கும். இடையிடையே கதை கிளைகளாகப் பிரியும். எக்கிளையில் செல்வது என்பதைப் படிப்பவரே தேர்ந்தெடுப்பார். 1996, 1997ஆம் ஆண்டுகளில் லீஃப் என்னும் நிறுவனம் 'சிசுக்கு', 'கிசுவாத்தோ', 'டூ ஹார்ட்' ஆகியவற்றை வெளியிட்டபின் இவ்வடிவமும் அதன் பெயரும் நிலைபெற்றன. இவற்றுள் பல, வயதுவந்தோர்க்கு மட்டும் என்ற முத்திரையுடன் விற்கப்பட்டவை. அத்தகைய மென்பொருள்களைத் தணிக்கை செய்து முத்திரையிட 1992இல் அத்துறையினரே ஓர் ஒழுங்கமைப்பை நிறுவிக்கொண்டனர். காமக்காட்சி இருந்தால்தான் விற்கும் என்று வணிகர் நம்பிய சந்தை அது. ஆகவே, கதை கேட்டாலும் கேட்காவிட்டாலும் அக்காட்சிகள் இடம்பெற்றன.

அனிமேயின் நிலை வேறு. அது தொலைக்காட்சியில் வருவது. வீட்டுக்கூடத்தில் பலர் காண்பது. எனவே அக்காட்சிகள் அங்கே நுழைய முடியாது. விளைவு என்ன?

'கானோன்' என்ற காட்சிப் புதினத்தை எடுத்துக்கொள்வோம். கீ என்னும் நிறுவனம் 1999இல் அதை வெளியிட்டது. பனி பொழியும் ஊருக்கு ஏழாண்டுகள் கழித்துத் திரும்பும் ஓர் இளைஞன், தான் மறந்துவிட்ட துயரத்தை மெல்ல மெல்ல நினைவுகூர்வதே கதை. முதற்பதிப்பில் வயதுவந்தோர்க்குரிய பகுதிகள் இருந்தன. மறு ஆண்டே, 2000இல், அவை இல்லாத பதிப்பு வந்தது. 2002இலும் 2006இலும் அது இருமுறை அனிமேத் தொடராயிற்று. அப்பகுதிகள் போனதால் கதைக்கு எக்குறையும் நேரவில்லை. ஏனெனில் அவை கதையின் தூண்களல்ல. சந்தைக்காகக் கட்டிய தோரணங்கள். தோரணத்தை அவிழ்த்தால் பந்தல் விழுவதில்லை. இவ்வுண்மையை அந்நிறுவனமே உணர்ந்தது போலும். 2004இல் அது வெளியிட்ட 'கிளனாட்' தொடக்கத்திலேயே அத்தகைய பகுதிகள் இன்றி வந்தது. 2007இலும் 2008இலும் அது தொடராக வந்து பலரை உருக்கியது.

அதே 2004இல் வெளிவந்த 'ஃபேட் ஸ்டே நைட்' வேறு வகை. கினோகோ நாசு எழுதியது. பண்டை வீரர்கள் மந்திரத்தால் மீண்டும் எழுந்து போரிடும் கதை. அதில் ஆற்றல் வற்றிச் சாயும் வீராங்கனைக்குப் பிறரது மந்திர ஆற்றலைப் பகிர்ந்தளிக்க வேண்டிய கட்டம் வருகிறது. மூலத்தில் அப்பகிர்வு உடற்கூடலால் நிகழ்கிறது. இங்கே கூடல் அலங்காரமன்று. அதை நீக்கினால் அடுத்த போருக்கு அவளுக்கு வலிமை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை இராது. 2006இல் அதைத் தொடராக்கியவர்கள் அக்காட்சியை நீக்கியதோடு நிற்கவில்லை. வேறொரு மந்திரச் சடங்கை அவ்விடத்தில் வைத்தார்கள். 2007இல் பொதுப்பதிப்பு வெளியானபோது, மூலத்தைப் படைத்தவர்களும் அவ்வாறே மாற்றுக்காட்சி அமைத்தார்கள். கதை ஓடுவதற்கு அச்சடங்கு போதுமானதாயிற்று. ஆயினும், கூடலுக்குப் பின் இருவரிடையே தோன்றும் நாணமும் நெருக்கமும் பொறுப்பும் ஒரு சடங்கினால் தோன்றுவதில்லை. நிகழ்ச்சியின் வேலையைச் சடங்கு செய்தது. உணர்ச்சியின் வேலையை அதனால் முழுதும் செய்ய முடியவில்லை. மாணவர் நொண்டுகிறது என்றது இதனைத்தான்.

ஆகவே, நீக்கலாமா கூடாதா என்று மட்டும் கேட்பது பயனற்றது. நீக்கப்படுவது அங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று முதலில் கேட்க வேண்டும். வேலை ஏதும் செய்யவில்லையாயின் அதை நீக்குவது படைப்புக்கு நன்மை. வேலை செய்ததாயின் அவ்வேலையைச் செய்யவல்ல வேறொன்றை அவ்விடத்தில் வைத்தாக வேண்டும். வைக்காமல் நீக்கினால் வெற்றிடமே எஞ்சும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. எழுத்தைப் படிப்பவர் தனியாக இருக்கிறார். காமம் பற்றிய ஒரு வரியைப் படிக்கும்போது அவரவர் மனம் தாங்கும் அளவுக்கே அது உருப்பெறுகிறது. திரையோ அளவைத் தானே தீர்மானித்துக் காட்டிவிடுகிறது. அதிலும் அக்காலத்துத் தோட்டங்களில் படம் பார்ப்பது தனிமனிதர் செயலன்று. திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் ஓட்டுவார்கள். பாயை விரித்துக்கொண்டு பாட்டியும் பேரனும், மாமியாரும் மருமகளும், கங்காணியும் பால்மரத் தொழிலாளியும் ஒன்றாக அமர்வார்கள். காதலர் நெருங்கும் காட்சி வந்ததும் கூட்டத்தில் ஓர் அசைவு தோன்றும். சிலர் இருமுவார்கள், தாய்மார் குழந்தைகளின் முகத்தைத் தம் பக்கம் திருப்புவார்கள். அரசாங்கத் தணிக்கை வாரியத்துக்கு மேல் அத்திடலே ஒரு தணிக்கை வாரியமாக இருந்தது. ஒரு நூலில் இயல்பாய் நிற்கும் வரி திரையில் கூச்சந்தருவது இதனால்தான். காட்சி மாறுவதோடு காண்போர் கூட்டமும் மாறிவிடுகிறது.

தமிழில் இதற்குச் சான்றுகள் இல்லாமலில்லை. ஜெயகாந்தன் 1966இல் ஆனந்த விகடனில் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையை அறியாத தமிழாசிரியர் அரியர். மழையில் நனைந்து நின்ற மாணவி ஒருத்தி முன்பின் அறியாதவனின் காரில் ஏறுகிறாள், கெடுக்கப்படுகிறாள், வீடு திரும்பி அன்னையிடம் சொல்கிறாள். அன்னை அவள் தலையில் நீரை ஊற்றி, அவள் தூயவளே என்று தேற்றுகிறாள். அக்கதை தமிழ்நாட்டில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அந்த அன்னை அவ்வாறு செய்யாமல் ஊரறியக் கதறியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப்பார்த்த ஜெயகாந்தன், அதனையே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்னும் நாவலாக விரித்தார். அதற்கு 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1977இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் அது திரைப்படமாயிற்று. திரைக்கதை உரையாடலை ஜெயகாந்தனே எழுதினார். கங்காவாக நடித்த லட்சுமி சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றார்.

இங்கே மூலத்தில் உள்ளது காமம் அன்று, கொடுமை. அதை மறைத்துக் கதை சொல்ல முடியாது. அந்த மழைநாள் நிகழ்ச்சி இல்லையென்றால் கங்காவுக்குக் கதையே இல்லை. ஆனால் நிகழ்ச்சி வேறு. அதைக் காட்டும் காட்சி வேறு. நிகழ்ந்தது என்பதை ஐயமின்றி உணர்த்திவிட்டால், கண்முன் விரித்துக்காட்ட வேண்டிய கட்டாயம் கலைக்கு இல்லை. விரித்துக்காட்டினால் பார்வையாளரின் மனம் கங்காவின் பக்கம் நில்லாமல் வேறு பக்கம் சாய்ந்துவிடவும் கூடும். கதையின் எடை முழுதும் அதன் பின் வரும் பன்னிரண்டு ஆண்டுகளில் இருக்கிறது: அண்ணன் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது, மாமனின் பார்வை, அலுவலகத்தின் பேச்சு, மீண்டும் அவனைச் சந்திப்பது. நிகழ்ச்சியை வைத்துக் காட்சியைச் சுருக்குவதே இத்தகைய கதைக்கு ஏற்ற நெறி.

தி. ஜானகிராமனின் 'மோகமுள்' இன்னும் கடினமானது. கும்பகோணத்து இளைஞன் பாபு, தன்னைவிட மூத்தவளான யமுனாவின்பால் கொண்ட மோகமே அந்நாவலின் உடலும் உயிரும். ரங்கண்ணாவிடம் அவன் கற்கும் சங்கீதமும் அதனோடு பின்னிக் கிடக்கிறது. கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட தங்கம்மாளின் தவிப்பும் அவள் முடிவும் அம்மோகத்தின் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. இதில் காமத்தை நீக்கினால் எஞ்சுவது நாவலின் அட்டை மட்டுமே. ஆயினும் அந்நாவலில் காமம் பெரும்பாலும் எங்கே இருக்கிறது? பாபுவின் உள்ளத்தில். பக்கம் பக்கமாக அவன் எண்ணுகிறான், ஏங்குகிறான், தன்னைத்தானே கடிந்துகொள்கிறான். பல்லாண்டு கழித்து யமுனா இசையும்போது, அதன்பின் அவள் கேட்கும் ஒரு கேள்வி அவன் ஏக்கத்தின் அளவையும் அடைந்ததன் அளவையும் எதிரெதிரே நிறுத்திவிடுகிறது. 1995இல் ஞான ராஜசேகரன் இதைப் படமாக்கினார். இயக்குநரின் முதற்படத்துக்கான தேசிய விருதும் பெற்றார். இத்தகைய நாவலைப் படமாக்குவோர் எதிர்கொள்ளும் இடர் தணிக்கை மட்டுமன்று. எண்ணத்தைப் படம்பிடிக்கும் கருவி எதுவும் இல்லை. கருவிக்குத் தெரிவது உடல் மட்டுமே. நூலில் உள்ளத்தின் மோகமாக இருந்தது திரையில் உடலின் மோகமாகச் சுருங்கிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. அவ்வாபத்திலிருந்து காப்பது இசையும் மௌனமும் முகமுமே. 'மோகமுள்' படத்துக்கு இளையராஜாவின் இசை அமைந்தது இவ்வகையில் பொருத்தமானது.

இவ்வாறெல்லாம் எண்ணி வந்த ராசா ஆசிரியருக்கு ஒன்று பளிச்சென்று தோன்றியது. காமத்தை எவ்வாறு சொல்வது என்னும் இச்சிக்கலைத் தமிழர் மிக முற்காலத்திலேயே தீர்த்து வைத்திருந்தனர். அகத்திணையில் தலைவன் தலைவியர்க்குப் பெயர் சுட்டுவதில்லை. எனவே ஒருவரது அந்தரங்கம் ஊரறிய விரிக்கப்படுவதில்லை. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்று ஐந்து உரிப்பொருள்களை வகுத்தனர். ஐந்தில் ஒன்றே புணர்தல். மற்ற நான்கும் அதனைச் சூழ்ந்த வாழ்வு. உடலால் சொல்ல வேண்டியதை உள்ளுறையாலும் இறைச்சியாலும் நிலத்தின்மேல் ஏற்றிச் சொன்னார்கள். மலையும் சுனையும், வண்டும் பூவும், யானையும் வேங்கையும் அவ்வேலையைச் செய்தன. இது மறைத்தலன்று, மாற்றி வைத்தல். அறிந்தோர்க்கு முழுதும் விளங்கும். அறியாச் சிறார்க்கு அழகிய மலைக்காட்சியாக நிற்கும். இன்று அனிமே இயக்குநர் ஒருவர் தேடித் தடுமாறும் வழி இதுவே.

அவ்வாறிருக்க, நாம் செய்தது என்ன? திருக்குறளின் வரலாறே இதற்குப் பாடமாக உள்ளது. வீரமாமுனிவர் 1730இல் குறளை இலத்தீனில் பெயர்த்தபோது அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மட்டுமே பெயர்த்தார், காமத்துப்பாலை விட்டுவிட்டார். துறவியாகிய அவர்க்கு அது தகாததெனத் தோன்றியதில் வியப்பில்லை. 1886இல் ஜி. யு. போப் 1330 குறளையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். முன்முடிவு காரணமாக மூன்றாம் பாலைத் தாமும் சில ஆண்டுகள் படிக்காதிருந்ததை அவரே குறிப்பிட்டுள்ளார். படித்தபின் அவர் மனம் மாறிற்று. இருவரும் சமயத் தொண்டர்களே, நூலும் ஒன்றே. ஒருவர் நீக்கினார்; மற்றவர் திறந்து பார்த்தார்.

காமத்துப்பாலில் 25 அதிகாரங்கள், 250 குறள்கள். களவியலில் 7, கற்பியலில் 18. புணர்ச்சி என்னும் சொல்லைப் பெயரில் கொண்டவை இரண்டே அதிகாரங்கள்: புணர்ச்சிமகிழ்தல், புணர்ச்சிவிதும்பல். அவற்றுள் பின்னது கூடலுக்கு ஏங்குவதேயன்றிக் கூடலன்று. மற்றவை பிரிவையும் பசலையையும், கனவையும் பொழுதையும், நெஞ்சோடு பேசுவதையும் ஊடலையும் பாடுகின்றன. ஒருவர் மற்றொருவருக்காகக் காத்திருத்தல், அவர் மனம் அறிதல், சினத்தைப் பெரிதாக்காமல் அளவோடு நிறுத்துதல் ஆகிய இவையே அப்பாலின் பெரும்பகுதி. இளையோர் கற்க வேண்டியதென்று எந்த ஆசிரியரும் ஒப்புக்கொள்ளும் பாடங்கள் இவை.

ஆயினும் அந்த ஆசிரியர் முப்பது ஆண்டுகளும் அதைக் கடந்தே சென்றார். பாடத்திட்டம் கேட்கவில்லை, தேர்வில் வரவில்லை, பெற்றோர் என்ன சொல்வார்களோ என்ற அச்சமும் இருந்தது. பொருட்பாலின் கடைசி அதிகாரமாகிய கயமை முடிந்ததும் நூலை மூடிவிடுவார். மாணவருள் யாராவது அடுத்த பக்கத்தைப் புரட்டினால் நீதி நூலில் இவ்வளவே போதும் என்பார். தோரணம் என்று கருதி அவர் அவிழ்த்தது தூணாக இருந்தது. அதைவிடப் பெரிய தவறு, அவ்விடத்தில் அவர் எதையும் வைக்கவில்லை. ஜப்பானியத் தொடரை ஆக்கியவர்கள் ஒரு சடங்கையாவது வைத்தார்கள். அவர் வைத்தது மௌனம் மட்டுமே.

திடலில் பாய்விரித்துப் படம்பார்த்த காலத்தில் அம்மௌனம் ஓரளவு செல்லுபடியாயிற்று. கூட்டத்தின் இருமலும் தாயின் கையும் எல்லை வகுத்தன. இன்று திடலும் இல்லை, வெள்ளைத்துணியும் இல்லை. ஒவ்வோர் இளைஞரின் உள்ளங்கையிலும் ஒரு திரை இருக்கிறது; அதை அவர் தனியாகவே பார்க்கிறார். 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டம் திரையரங்கைக் காக்கலாம். அந்த உள்ளங்கையைக் காப்பது கடினம். நூல் படிப்பவரின் தனிமையும் திரை காட்டும் வெளிச்சமும் இப்போது ஒன்றாய்ச் சேர்ந்துவிட்டன. இந்நிலையில் ஆசிரியர் விட்ட வெற்றிடம் வெற்றிடமாக இருப்பதில்லை. யாரோ ஒருவர் அதை நிரப்புகிறார். நிரப்புகிறவர் வள்ளுவராக இருப்பதில்லை.

மாணவருக்கு அவர் எழுதிய விடை சுருக்கமானது. நீக்கியது அணியாயின் கதை தெளியும், தூணாயின் நொண்டும், தூணை நீக்கியவர் வேறு தூண் நட்டாரா என்று பார், என்று எழுதினார். இரண்டாம் கேள்விக்கு, தாம் நடவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்.

ராசாவில் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் அவர் மேல்நிலை மாணவர்க்கு இலவச வகுப்பு நடத்துகிறார். அவ்விடுமுறை முடிந்து வந்த முதல் ஞாயிறன்று கயமை அதிகாரம் முடிந்தது. வழக்கம்போல் சிலர் நூலை மூடத் தொடங்கினர். அவர் பக்கங்களைப் புரட்டி 116ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னார். பிரிவாற்றாமை. வேலைக்காகச் சிங்கப்பூர் சென்று மாதம் ஒருமுறை வீடு திரும்பும் தந்தையரைக் கொண்ட பிள்ளைகள் சிலர் அங்கே இருந்தனர். முதற்குறளின் பொருளை அவர் சொல்லி முடித்தபோது மண்டபம் அமைதியாய் இருந்தது.

பின்வரிசை மாணவி ஒருத்தி கையுயர்த்தி, "இது தேர்வில் வருமா ஐயா?" என்று கேட்டாள்.

"வராது" என்றார் ஆசிரியர். சற்றுநேரம் காத்திருந்தார். யாரும் நூலை மூடவில்லை. அவர் இரண்டாம் குறளைப் படிக்கத் தொடங்கினார்.